பாதிச் சரிவில் உட்கார்ந்தவள்

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது என் கணவருக்கு லீவு ரத்தாகிவிட்டது. அவர் அபுதாபியில், முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். மீனும் ஐஸ்கிரீமும் ஏற்றிப் போகிற குளிர்பெட்டி லாரிகளுக்கு மெஷின் பார்க்கிற இடம். வருஷக் கடைசியில் ஒரு கம்பெனி தன் வண்டிகளையெல்லாம் ஒரேயடியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

"லீவு மாஃபி, கிடையாதுன்னுட்டான்" என்றார், வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"நான் தனியாவா?"

"குரூப் டூர்தானே. ஏர்போர்ட்ல ஏத்திவிடுறேன், அங்க வேன் வந்து நிக்கும். என்ன பயம்?"

மகள் குளிக்கப் போனாள். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் வரும்வரை காத்திருந்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "அந்த விஷயத்தை அங்க வச்சு நீயே சொல்லிடு. அவ சந்தோஷமா இருக்கிற நேரமாப் பாத்துச் சொல்லு."

அந்த விஷயம் இதுதான். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பதினொன்றாம் வகுப்புக்கு அவளை நாமக்கல் பக்கம் கோச்சிங்குக்குப் பேர்போன ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். முடிவு அவருடையது, தலையாட்டியது நான். கல்ஃப் வேலையை நம்ப முடியாது, அவள் பன்னிரண்டாவது பாதியில் இருக்கும்போது விசா போய்விட்டால் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது அவர் கவலை. ஒர்க்‌ஷாப் கைமாறப் போகிறது என்று ஒரு வருஷமாகவே பேச்சு. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் எனக்குப் பதில் பேச வரவில்லை.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இந்தப் பயணமே கிளம்பியது. ஐந்தாம் வகுப்பிலிருந்து பனி பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பப்ளிக் பரீட்சை வருஷம் என்றும் பார்க்காமல், டிசம்பர் விடுமுறையில் நான்கு நாள் ஜார்ஜியா போகலாம் என்று அவர் சொன்னபோது நானே ஆச்சரியப்பட்டேன். அப்புறம் புரிந்தது. வெளியே அனுப்புகிற பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுக்கிற சமாதானம் அது. இனிப்பைக் காட்டி ஊசி போடுகிற வேலை. ஊசி என் கையில் வந்து சேர்ந்தது.

ஃப்ளைட் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் சீட் பெல்ட்டை எத்தனை தடவை கழற்றி மாட்டினேன் என்று மகள்தான் சொன்னாள். "மா, ஸ்டாப் இட். பக்கத்துல இருக்கவங்க பாக்கிறாங்க." அவள் மடியில் அறிவியல் புத்தகம் இருந்தது. யாரும் சொல்லாமலே படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். காலையில் அவளே எழுந்துகொள்கிறாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறாள். அப்பா வந்ததும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பெரியவளாகிவிட்டாள் என்று நானும் அவரும் பேசிக்கொண்டோம். ஹாஸ்டலில் சமாளித்துக்கொள்வாள் என்று அவர் சொன்னார்.

வேனில் எங்களோடு ஏழெட்டுக் குடும்பங்கள். தமிழ் பேசியது ஒரே ஒரு அக்காதான். கீழக்கரைக்காரர், துபாய் தேராவில் கணவருக்குத் துணிக்கடை. கணவரும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். நான் வேனில் ஏறிய ஐந்தாவது நிமிஷம் என் பெயர், ஊர், கணவர் வேலை எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மாப்பிள்ளை வரலையா? வராட்டி என்ன, நாங்க இருக்கோம். நீ ஏன் தங்கச்சி சீட்டு நுனில உக்காந்திருக்கே? நல்லாச் சாஞ்சு உக்காரு."

சாய்ந்து உட்கார்ந்தேன். சாலை ஏற ஏற வெளியே மண் நிறம் போய், திட்டுத் திட்டாக வெள்ளை வந்தது. கடைசியில் வேறு எதுவுமே இல்லை. மகள் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். இப்போது சொல்லலாமா? வேனில் வேண்டாம்.

ஹோட்டலில் இறங்கியதும் அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியை அள்ளினாள். முகர்ந்து பார்த்தாள். "ஃப்ரீஸர்ல வர்ற வாசனைதாம்மா" என்று சிரித்தாள். இப்போது? வேண்டாம், வந்தவுடனேயா. அறையில் பெட்டியைப் பிரித்தேன், துணிகளை அடுக்கினேன், மறுபடி எடுத்து வேறு அலமாரியில் அடுக்கினேன். சாப்பாட்டு நேரத்தில் ஹோட்டலில் கரண்ட் போய்விட்டது. எங்கள் மாடி முழுக்க இருட்டு. அக்கா அறையில் ரைஸ் குக்கர் வைத்திருக்கிறார்! மேனேஜர் படியேறி வந்து கையைக் கையை ஆட்டினார். அக்கா அசரவில்லை. "கஞ்சிதான் வச்சேன், பிரியாணியா வச்சேன்? எங்க வீட்டாளுக்கு வயிறு சரியில்ல" என்று தமிழிலேயே அவருக்கு விளக்கினார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை பனிச்சறுக்கு வகுப்பு. சறுக்குப் பலகை மாட்டுகிற பூட்ஸ் மாவுக்கட்டு போட்டதுபோல் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு நடக்கிற யாரைப் பார்த்தாலும் ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம்தான் வரும். சொல்லிக்கொடுப்பவர் மீசை நரைத்த ஆள். எல்லோரையும் "மை ஃப்ரெண்ட்" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சரளமாக வந்த இங்கிலீஷ், "நோ ப்ராப்ளம்". விமான நிலையத்தில் பெட்டிகள் வருமே, அதுபோல ஒரு பெல்ட் பிள்ளைகளைச் சரிவில் மேலே கொண்டுபோய் விடும். அங்கிருந்து சறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

பெற்றோர்களுக்குக் கண்ணாடி போட்ட ஒரு டீக்கடை உண்டு. உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அக்கா தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு வெளியே போய் நின்றேன். குளிர் காதைக் கடித்தது. உள்ளே வந்தேன். மகள் கண்ணில் படவில்லை, மறுபடி வெளியே ஓடினேன். கதவைத் திறந்து திறந்து மூடியதில் பக்கத்து மேசைக்காரர்கள் முறைக்கத் தொடங்கினார்கள்.

"உனக்கு என்னதான் புள்ள?" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அவ நல்லாத்தான் சறுக்குறா. நீதான் விழுந்துடுவே போல இருக்கு."

அவரிடம் சொன்னேன். நாமக்கல், ஹாஸ்டல், நான்தான் சொல்ல வேண்டும் என்பது, எல்லாம். அவர் கண்ணாடிக்கு வெளியே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எம் மவனை ஏழாங்கிளாஸ்ல அனுப்புனேன்" என்றார். "நல்லாப் படிச்சான், நல்ல வேலை. வாரா வாரம் போன் பண்ணுவான். என்ன சாப்பிட்டீங்க உம்மா, உடம்பு எப்படி இருக்கு உம்மா. அவ்வளவுதான் பேசுவான். யாரோ தெரிஞ்சவங்ககிட்ட விசாரிக்கிற மாதிரி." தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அனுப்பாதேன்னு சொல்லல. அனுப்பலைன்னா உருப்பட்டிருப்பானோ என்னமோ. எனக்குத் தெரியல."

அவர் தெரியவில்லை என்று சொன்னது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. மதியம் முழுக்க மகளோடு நடந்தேன், பனியில் படம் எடுத்தேன், சூப் குடித்தேன். வாய் வரை வந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் "குளிருதா?" என்றுதான் வெளியே வந்தது.

"இல்லம்மா. நீங்க இதோட பத்துத் தடவை கேட்டுட்டீங்க."

மூன்றாம் நாள் காலை, அவள் கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தபோது என் கணவர் போனில் கூப்பிட்டார். பின்னால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம், யாரோ "ஜல்தி பாய், ஜல்தி" என்று கத்துகிற சத்தம். அதையும் மீறி அவர் சத்தமாகப் பேசினார்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"நாளைக்கு வர்றீங்க. இன்னிக்குச் சொல்லிடு."

"சரி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். "வகுப்புக்கு நேரமாச்சும்மா" என்றாள்.

அன்றைக்கு வாத்தியார் கொஞ்சம் தேறின பிள்ளைகள் ஐந்து பேரை அடுத்த சரிவுக்குக் கூட்டிப்போனார். அது நீளமானது, கீழே நின்று பார்த்தால் உச்சியில் இருப்பவர்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஏறிப் போக வேண்டும். மகளின் சிவப்பு ஜாக்கெட் நாற்காலியில் உட்கார்ந்து, கால் ஆட, மேலே மேலே போனது. டீக்கடைக்குள் போகவே எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். இறங்கி வந்ததும் சொல்லிவிடலாம். எப்படி ஆரம்பிப்பது என்று வேலிக் கயிற்றை ஒட்டி முன்னும் பின்னும் நடந்துகொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'அப்பாவும் நானும் யோசிச்சோம்.' அது சரியில்லை. 'உன் நல்லதுக்குத்தான்.' அது அதைவிட மோசம்.

அரை மணி கழித்து வாத்தியார் இறங்கி வந்தார். பின்னால் வாத்துக் குஞ்சுகள் மாதிரி நான்கு பிள்ளைகள். சிவப்பு ஜாக்கெட் இல்லை.

"மை டாட்டர்?"

அவர் கையால் மேலே காட்டினார். பாதிச் சரிவில், ஓரமாக, ஒரு சிவப்புப் புள்ளி. "ஷி சிட்" என்றார். "நோ கம். ஐ கோ அகெய்ன். நோ ப்ராப்ளம்." சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு மறுபடி நாற்காலியில் ஏறிப் போவதாகச் சைகையில் சொன்னார். நாற்காலி வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள்.

எனக்கு அதுவரை பொறுமை இல்லை. கயிற்றைத் தாண்டி ஏற ஆரம்பித்தேன். பின்னால் அக்கா "தங்கச்சி, தங்கச்சி!" என்று கூப்பிட்டது கேட்டது. நான் போட்டிருந்தது முசஃபா பக்கம் கடையில் வாங்கிய மழைக்கால பூட்ஸ். பத்து அடி ஏறினால் இரண்டு அடி வழுக்கும். முழங்கால் வரை பனிக்குள் போய், பூட்ஸுக்குள் பனி இறங்கி, சாக்ஸ் நனைந்தது. மூச்சு விட்டால் நெஞ்சு எரிந்தது. மேலிருந்து சறுக்கி வருகிறவர்கள் ஏதேதோ பாஷையில் திட்டிவிட்டுப் போனார்கள். அடிபட்டிருக்குமா, கால் உடைந்திருக்குமா, அதை வாத்தியார் சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டாரா என்று ஒவ்வொரு அடிக்கும் ஒன்று தோன்றியது. இரண்டு தடவை குப்புற விழுந்தேன். எழுந்த பிறகு கையையும் ஊன்றித்தான் ஏறினேன்.

அவள் பலகைகளைக் கழற்றிப் பக்கத்தில் குத்தி வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத முகம்.

"எங்க அடி? கால் அசையுதா? காட்டு."

"அடி இல்லம்மா."

"பயமா இருக்கா? இங்க பாரு, கீழ பாக்காதே, மெதுவா நடந்து போயிடலாம்."

"பயம் இல்ல."

"அப்புறம் ஏண்டி இங்க உக்காந்திருக்கே?"

அவள் மூக்கைக் கையுறையால் துடைத்தாள். "நான் கீழ வந்தா நீங்க சொல்லிடுவீங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அப்பா இன்னிக்குச் சொல்லச் சொன்னாங்க. ஐ ஹேர்ட். நாமக்கல் பத்தி." அந்த ஊர்ப் பெயரை அவள் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. பார்த்தேயிராத ஓர் ஊரை, தப்பாமல், ஒவ்வொரு எழுத்தாக. "வீட்டு டேப்லெட்ல அந்த ஸ்கூல் ஃபார்ம் இருந்துச்சு. அக்டோபர்லயே பாத்துட்டேன்."

நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன். அக்டோபர். அக்டோபரிலிருந்துதான் அவள் தானே எழுந்துகொள்கிறாள். தட்டு கழுவுகிறாள். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். ஃப்ளைட்டில் அறிவியல் புத்தகம். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பூரித்துப் போய், சமாளித்துக்கொள்வாள் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"ஏன் கேக்கல நீ?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்க. கேக்காம இருந்தா, மே பி நீங்க மாத்திக்கலாம்ல." பனியைக் கிள்ளிக்கொண்டே, "நான் நல்லாத்தானே இருந்தேன்?" என்றாள்.

கீழே ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் சொன்ன காரணங்களைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். விசா, ஒர்க்‌ஷாப், கோச்சிங். ஆனால் வந்தது வேறு.

"எனக்கும் பிடிக்கலடி" என்றேன்.

அது வெளியே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டது, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் சுற்றியது எல்லாம், எப்படிச் சொல்வது என்கிற கவலையால் என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லவே விருப்பமில்லை என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்ப அப்பாகிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"ப்ராமிஸ்?"

"சொல்றேன்னு சொல்றேன்ல. அவர் என்ன முடிவு பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா சொல்லுவேன்."

வாத்தியார் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவளுக்குப் பலகைகளை மாட்டிவிட்டு, அவளுக்கு முன்னால் போய் நின்று, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே அவளுடைய கைக்கோல்களைப் பிடித்துக்கொண்டார். "மை ஃப்ரெண்ட், லுக் மீ" என்றார். அவள் வளைந்து வளைந்து மெதுவாகப் போனாள். கொஞ்ச தூரத்தில் அவர் கோல்களை விட்டார். அவள் தனியாகவே போனாள். இருவரும் சின்னதாகிக்கொண்டே போய்க் கீழே சேர்ந்துவிட்டார்கள்.

நான் மட்டும் பாதிச் சரிவில் நின்றேன். என்னை இறக்குவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நான்கு அடி நடந்தேன், விழுந்தேன். எழுந்தேன், விழுந்தேன். கடைசியில் உட்கார்ந்தபடியே, இரண்டு கையாலும் துடுப்புப் போட்டு, கோட்டு முதுகுவரை சுருண்டு ஏற, கீழே வந்து சேர்ந்தேன். அக்கா இதையெல்லாம் ஒரு நொடி விடாமல் போனில் எடுத்திருக்கிறார். எடுத்ததோடு நிற்கவில்லை. மகள் நம்பருக்கும் அனுப்பினார், அவள் அதை அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள்.

அறைக்குப் போய் சாக்ஸை மாற்றி, காலை ஹீட்டர் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்போது அவரே கூப்பிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களிடமும் காட்டியிருப்பார் போலிருக்கிறது. சிரிப்பை முடித்துவிட்டுக் கேட்டார்: "சொல்லிட்டியா?"

"அவளுக்கு அக்டோபர்லயே தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. டேப்ல பாத்திருக்கா. அப்புறம் ஒண்ணு. எனக்கு அவளை அனுப்ப மனசில்லைங்க. இப்பச் சொல்றதுக்கு மன்னிச்சுக்கங்க. ஆனா மனசில்ல."

"நீதானே சரின்னே?"

"சரின்னேன். இப்ப இல்லைங்கிறேன்."

"வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்த பிறகு பேச்சு அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. விமான நிலையத்தில் மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டவர், காரில் ரேடியோவைப் போட்டார். இரண்டு வாரம் வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டோம். நான் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். மகள் ஒரு காரியம் செய்தாள், தட்டு கழுவுவதை நிறுத்தினாள். சாப்பிட்ட தட்டு மேசையிலேயே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அவளே அவரிடம் கேட்டாள். "அப்பா, நீங்க எந்த கிளாஸ்ல ஹாஸ்டலுக்குப் போனீங்க?"

"ஆறாங்கிளாஸ்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. ஏன்?"

"உங்க ஊர் கதை எல்லாம் சொல்லியிருக்கீங்க, காலேஜ் கதை சொல்லியிருக்கீங்க. ஹாஸ்டல் பத்தி ஒரு கதைகூடச் சொன்னதில்லையே?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் ஊற்றவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சாப்பிட்டு முடித்து எழுந்து போய்க் கை கழுவினார். குழாயை மூட ரொம்ப நேரமானது. அடுத்த வாரம் நாமக்கல் பள்ளியிலிருந்து போன் வந்தது. அட்மிஷன் விஷயம் என்னாயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல சார், இந்த வருஷம் இல்ல" என்று அவர் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். எங்களிடம் அவர் எதையும் சொல்லவில்லை.

மகள் இப்போது இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு. ஒர்க்‌ஷாப் கைமாறிவிட்டது. புது முதலாளி இவரை வைத்துக்கொண்டிருக்கிறார், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இயற்பியலில் மகளுக்குத் தடுமாற்றம்தான். போன தேர்வில் வாங்கிய மார்க்கை அவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் சேர்ந்திருந்தால் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் சண்டை போடலாம், என் பக்கத்து நியாயத்தை எடுத்து வைக்கலாம், அத்தோடு முடிந்துவிடும். அவர் சொல்லாததால் நானே அதைக் கேட்டுக்கொள்கிறேன், நானே பதில் சொல்கிறேன். அந்தப் பதில் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருப்பதில்லை.